தாடைக்குக் கீழே ஒரு கல்

என் தம்பி எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பான். டைல்ஸ் ஒட்டுவது அவன் தொழில். வீட்டுக்காரர் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குனிந்து, விரல் முட்டியால் ஒரு டைல்ஸைத் தட்டி, காது கொடுத்துக் கேட்பான். அடியில் கலவை நிரம்பாமல் பொள்ளலாக இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடுமாம். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற அந்தக் கருவியைக் கையில் எடுக்காமலே, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இந்த மூலை ரெண்டு நூல் இறங்கியிருக்கு" என்பான். வைத்துப் பார்த்தால் சரியாக இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இறங்கியிருக்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான் என்பதால் எனக்கும் உண்டு.

அதனால் அவனுக்கு முதுகு வலி வந்தபோது யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு எது வலிக்கும்? அவனோடு வேலை செய்கிற ஐந்து பேருக்கும் வலி. ஒரே களிம்பை ஆளுக்குக் கொஞ்சம் பிதுக்கித் தேய்த்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு வேலை பார்ப்பார்கள்.

நான் மட்டும், அவன் வலி என்று சொன்ன அன்றைக்கே எந்த இடம் என்று தொட்டுக் காட்டச் சொன்னேன். அதற்கான காரணம் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் வேலை பார்க்கிறேன். கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத அறை. தரையிலிருந்து கூரை வரை இரும்பு ரேக்குகள், அவை நிறைய நோயாளிகளின் பழைய ஃபைல்கள். மேலே இருந்து டாக்டர் சீட்டு அனுப்புவார். நாங்கள் ஃபைலைத் தேடி அனுப்ப வேண்டும். எடுத்த இடத்தில் ஒரு சிவப்பு அட்டையைச் செருக வேண்டும். யார் வாங்கினார், எந்தத் தேதி என்று அதில் எழுதியிருக்கும். அட்டை வைக்காமல் ஒரு ஃபைல் வெளியே போனால் நான் ஆடுகிற ஆட்டத்துக்குப் பயந்தே பெரிய பெரிய டாக்டர்கள்கூட ஒழுங்காகக் கையெழுத்துப் போடுவார்கள். இருபத்து மூன்று வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு ஃபைல் தொலைந்ததில்லை. ஒன்று மட்டும் ரேக்கில் இல்லை. அதுவும் தொலைந்துபோகவில்லை. என் வீட்டு அலமாரியில், பழைய போர்வைகளுக்கு அடியில் இருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குத் தாடைக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, எச்சில் சுரப்பியில் கல் அடைத்திருக்கும் போல என்றார். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சுரப்பியோடு சேர்த்து எடுத்தார்கள். லேபிலிருந்து ரிசல்ட் வந்தபோது அது கல் இல்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"புற்றுநோய்தாம்மா. ரொம்ப அரிதான வகை. மெதுவா வளரும். சுத்தமா எடுத்தாச்சு, ஓரமெல்லாம் நல்லா இருக்கு. ஆனா இதை நம்ப முடியாது. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் கழிச்சுக்கூட நுரையீரல்லயோ எலும்புலயோ தலைகாட்டும். ஆயுசு முழுக்க செக்கப் வேணும். தம்பிகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

தம்பியின் கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது. பத்திரிகை அச்சடித்து வந்துவிட்டது. எங்கள் அப்பா புற்றுநோயில்தான் போனார். அப்போது தம்பிக்கு ஒன்பது வயது. அந்த வார்த்தையைக் கேட்டாலே அவனுக்கு முகம் வெளுக்கும். பெண் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் எனக்கு இருந்தது. இப்போது நல்லவள் வேஷம் போட்டு அதை மறைப்பானேன். தம்பி கட்டிலில் கட்டுப்போட்ட கழுத்தோடு உட்கார்ந்து, வரப்போகிறவளுக்கு போனில் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய், "கல்லுதாண்டா. பட்டாணி அளவு" என்றேன்.

"எங்கே, குடுக்கச் சொல்லு. புது வீட்டு வாசல்ல டைல்ஸோட பதிச்சு வைக்கிறேன்."

"தூக்கிப் போட்டுட்டாங்க."

"என் கல்லைத் தூக்கிப் போட அவங்க யாரு?" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

கல்யாணம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்புறம் அவள் முழுகாமல் இருந்தாள். அப்புறம் பாப்பா பிறந்தாள். அப்புறம் வீடு கட்டினான். சொல்வதற்குத் தோதான நாள் வரவே இல்லை. நான்கு வருஷம் அவனை எதையாவது சொல்லி இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே படம் எடுக்க வைத்தேன். ஐந்தாவது வருஷம் வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "கல்லுக்கு எவனாவது வருஷா வருஷம் படம் எடுப்பானாக்கா? உங்க ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிச்சுக் குடுத்தா உனக்குக் கமிஷன் தர்றாங்களா?" அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தோடு செக்கப் நின்றது. என்னோடு வேலை பார்க்கிறவர்கள் யாராவது எடுத்துப் பார்த்துவிட்டு அவனிடம் விசாரிப்பார்களோ என்று அந்த ஃபைலையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ரேக்கில் சிவப்பு அட்டை வைத்தேன். வாங்கியவர் பெயர் என்ற இடத்தில் அந்தக் காது மூக்கு தொண்டை டாக்டர் பெயரை எழுதினேன். அவர் அப்போதே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

இந்த வருஷம் முதுகு வலி. முதல் மாசம் மாத்திரை. இரண்டாவது மாசம் பெல்ட். மூன்றாவது மாசம், படுத்தால் வலி கூடுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்தான். எலும்பு டாக்டரிடம் போனோம். நான், அவன், அவன் மனைவி.

"முன்னாடி பெரிய வியாதி, ஆபரேஷன் ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். தாடைக்குக் கீழ கல்லு எடுத்தாங்க. எச்சில் கல்லு. பட்டாணி அளவு."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் அவனுக்கு இந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவன் மனைவி அந்தப் பக்கத்து நாற்காலியில். வாயைத் திறந்திருக்கலாம். அவளை வெளியே அனுப்பிவிட்டாவது சொல்லியிருக்கலாம். சீட்டில் நாலு வார்த்தை எழுதி நீட்டியிருக்கலாம். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டதே, சுத்தமாக எடுத்தாச்சு என்றாரே, எச்சில் சுரப்பி எங்கே முதுகெலும்பு எங்கே என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டு, கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினேன். டாக்டர் வேறு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

ஐந்தாவது மாசம் ஒரு நாள் தம்பி ஏணியிலிருந்து இறங்கும்போது இடது கால் துணி மாதிரித் துவண்டது. அதன் பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரி முதுகெலும்பு டாக்டரிடம் வந்தோம். குள்ளமான மனிதர், எப்போதும் ஜலதோஷம். தம்பியைக் குப்புறப் படுக்க வைத்து, ஒவ்வொரு எலும்பாக விரலால் தட்டிக்கொண்டே இறங்கினார். ஓர் இடத்தில் தம்பி துள்ளினான்.

"உள்ள பொள்ளலா டாக்டர்?" என்று கேட்டான்.

அவருக்குப் புரியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது பொள்ளல்தான். நடுமுதுகில் எட்டாவது எலும்பு பாதி அரிக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஓடுகிற நரம்புத் தண்டை ஏதோ ஒன்று அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். "டிபியா இருக்கலாம், கட்டியா இருக்கலாம். ஊசி விட்டு எலும்புத் துணுக்கு எடுத்துப் பார்க்கணும். டிபின்னா மாத்திரையிலயே சரியாயிடும். கட்டின்னா எந்த வகைன்னு பார்க்கணும். சிலது ரேடியேஷனுக்கே உருகிடும். சிலது உருகாது, சீக்கிரமே திறந்து எடுத்தாகணும். கால் நல்லா நடக்கிற வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. கொஞ்சம் மோசமானாலும் உடனே சொல்லணும்."

அதற்கு அடுத்த நாட்களில் எங்கள் வீடு முழுக்க டிபிக்காக வேண்டிக்கொண்டோம். ஒரு குடும்பமே காசநோய் வரட்டும் என்று ஏங்கியதை அப்போதுதான் பார்த்தேன். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிபியாத்தான் இருக்கும், இல்லண்ணி?" என்பாள். "டிபிதாம்மா" என்பேன்.

ரிசல்ட் புதன்கிழமை வந்தது. புற்றுநோய். ஆனால் எங்கிருந்து வந்தது என்று லேப் டாக்டருக்குப் பிடிபடவில்லை. முதுகெலும்பில் தானாக முளைக்கிற வகை இல்லையாம். வேறெங்கோ இருந்து வந்து குடியேறியிருக்கிறது. அவனை எங்கள் ஆஸ்பத்திரி வார்டிலேயே சேர்த்து, நுரையீரல், வயிறு, கிட்னி எல்லாம் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் கடுகளவு மூன்று புள்ளிகள், அவையும் வேறெங்கோ இருந்து வந்தவைதான். தம்பி படுத்தபடியே என்னிடம் கேட்டான். "எங்க இருந்துக்கா வந்துச்சு? பீடி சிகரெட் தொட்டதில்ல. ஒரு நாள் குடிச்சதில்ல. எங்க இருந்துதான் வந்துச்சு?"

நான் அவன் போர்வையைச் சரி செய்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு ஒரு சீட்டு வந்தது. முதுகெலும்பு டாக்டரின் கையெழுத்து. நோயாளி பெயர், என் தம்பியின் பெயர். 'பன்னிரண்டு வருடம் முன்பு எச்சில் சுரப்பி அறுவை. பழைய ஃபைல் தேவை. அவசரம்.' லேப் டாக்டருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. செல்கள் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தால் எச்சில் சுரப்பியை நினைக்க வேண்டுமாம். பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. எழுந்து போய் ரேக்கில் பார்த்தேன், என்னவோ ஃபைல் தானாகத் திரும்பி வந்திருக்கும் என்பது போல. சிவப்பு அட்டை இருந்தது. என் கையெழுத்தில், ஓய்வு பெற்றவர் பெயர். வீட்டுக்குப் போய் எடுத்துவர அரை மணி நேரம் போதும். ஆனால் ஃபைலைக் கொடுத்தால் இது எங்கே இருந்தது என்று கேட்பார்கள். தம்பி கேட்பான். அவன் மனைவி கேட்பாள். நாளைக்குக் கொடுக்கலாம், எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு கொடுக்கலாம் என்று நினைத்தேன். சீட்டில் 'தேடப்படுகிறது' என்று எழுதி மேலே அனுப்பினேன். அடுத்தவர்கள் அப்படி எழுதினால் நான் காய்ச்சி எடுப்பேன்.

வெள்ளிக்கிழமை ஃபைலைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். மூன்று தடவை படியேறினேன். மூன்று தடவையும் பாதியில் திரும்பினேன். முதல் தடவை டாக்டர் ஆபரேஷனில் இருந்தார் என்று ஒரு சாக்கு. மற்ற இரண்டுக்கும் சாக்குகூட இல்லை.

சனிக்கிழமை காலை தம்பிக்கு டிபன் கொண்டுபோனேன். நர்ஸ் பாதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "தெரியுதா?" "இல்ல." முழங்காலுக்கு வந்தாள். "இங்க?" "இல்ல சிஸ்டர்." தம்பி என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "அக்கா, இடுப்புக்குக் கீழ வேற யாரோ படுத்திருக்காங்க" என்றான்.

அடுத்த இருபது நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது. டாக்டர் ஓடி வந்தார். தியேட்டர் வாசலில் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தி ஃபைலை நீட்டினேன். நின்றபடியே முதல் பக்கத்தைத் திறந்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"என் வீட்டுல."

அவர் தும்மினார். ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஆறு மணி நேரம். அரித்த எலும்பைச் சுரண்டி எடுத்து, நரம்பை விடுவித்து, மேலும் கீழும் திருகாணி போட்டுக் கம்பி வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கால்கள் வரவில்லை. மூன்று நாள் பார்க்கலாம் என்றார்கள், வரவில்லை. பத்து நாள் பார்க்கலாம் என்றார்கள். அவன் மனைவி தினமும் அவன் கால் கட்டைவிரலை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இப்ப அசைஞ்ச மாதிரி இல்லண்ணி?" என்பாள். அசையவில்லை.

நான் டாக்டரிடம் போனேன். "வியாழக்கிழமையே குடுத்திருந்தா?" என்று கேட்டேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை தெரிஞ்சிருந்தா வெள்ளிக்கிழமை திறந்திருப்பேன். அப்போ கால் இருந்துச்சு. காப்பாத்தியிருப்பேனான்னு கேட்டா, தெரியாது. அஞ்சு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா வேற கதை. அதையும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது." ஆமாம் என்றாவது இல்லை என்றாவது ஒரு பதிலை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

"இதுக்குன்னு சரியான மருந்து கிடையாதும்மா. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர்தான் எங்ககிட்டயே வர்றாங்க, அதனால யாரும் பெருசா ஆராய்ச்சியும் பண்றதில்ல. மிச்சத்துக்கு ரேடியேஷன் குடுப்போம். மெதுவாத்தான் வளரும். பல வருஷம் இருக்கலாம். இப்படியே இருக்கலாம்." பிறகு சொன்னார்: "திங்கட்கிழமை ரேடியேஷனுக்கு அவர் கையெழுத்துப் போடணும். என்ன நோய், எப்ப வந்துச்சுன்னு தெரியாம நான் கையெழுத்து வாங்க மாட்டேன். நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கிறேன்" என்றேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை. சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மனைவி பாப்பாவைக் கூட்டி வர வீட்டுக்குப் போயிருந்தாள். வார்டில் கடைசிக் கட்டில் அவனுடையது, சுவரோரம். நேற்றுவரை அந்தச் சுவர் டைல்ஸைப் பார்த்து, "மூணாவது வரிசை ஏறிப் போயிருக்கு பாரு, எவன் ஒட்டினான்" என்று வைதுகொண்டிருந்தான். இப்போது என் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். இரண்டு மணிக்கு நான்தான் திருப்பிவிட்டிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பாவிட்டால் புண் வந்துவிடும் என்று, அடியில் மடித்துப் போட்ட துணியைப் பிடித்து ஒரே ஆளாகத் திருப்ப நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். லேப் ரிசல்ட், இருபத்தாறு நாள், போர்வைக்கு அடியில் ஃபைல், சிவப்பு அட்டை, வியாழக்கிழமை வந்த சீட்டு. அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதேன்.

அவன் தாடைக்குக் கீழே இருந்த தழும்பை விரலால் தடவினான்.

"கல்லு இல்லையா?"

"இல்லடா."

"பட்டாணி அளவுன்னியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாலு டாக்டர் கேட்டாங்க. நாலு பேர்கிட்டயும் கல்லு கல்லுன்னு சொன்னேன். பாப்பாகிட்டகூட அந்தத் தழும்பைக் காட்டிக் கல்லுக் கதை சொல்லியிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்திருந்தே."

"ஆமா."

"பாப்பா அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்குத்தான் முதல்ல."

"எனக்கு முதல்ல" என்றான். சிரிக்கவில்லை. "சீட்டு வியாழக்கிழமை வந்துச்சா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமை நான் பாத்ரூமுக்கு நடந்து போனேன். இவளைப் பிடிச்சுக்கிட்டு. நடந்து போனேன்."

"டாக்டர்கிட்ட கேட்டேண்டா. அப்பவே குடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்னு அவராலயே சொல்ல..."

"நான் உன்கிட்ட அதைக் கேக்கல."

திட்டுவான் என்று காத்திருந்தேன். சின்ன வயசில் கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவான்; தெருமுனை வரை போய்விட்டு, பசித்ததும் திரும்பி வருவான். இப்போது கண்ணை மூடினான். திறந்தான். எங்கே பார்த்தாலும் நேர் எதிரே நான்தான் இருந்தேன். முழங்கையை ஊன்றித் தோளைத் திருப்பப் பார்த்தான். தோள் ஒரு விரல்கடை எழும்பித் திரும்ப விழுந்தது. மறுபடி முயன்றான். நெற்றியில் வியர்வை பொடித்தது. கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டான். மூன்றாவது தடவை தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தான்.

"என்னைத் திருப்பு" என்றான்.

"நாலு மணிக்குத்தானே..."

"திருப்பு. செவுத்துப் பக்கம்."

எழுந்தேன். சொல்லிக்கொடுத்தபடி, அடியில் இருந்த துணியை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்தேன். தோளும் இடுப்பும் ஒரே சமயத்தில் திரும்ப வேண்டும், முதுகு முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ண வேண்டும், எண்ணினேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பினான். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அணை கொடுத்தேன். தையல் போட்ட இடத்தில் சட்டை சுருங்கியிருந்ததை நீவிவிட்டேன். அவன் அசையவில்லை.

கால்கள் மட்டும் திரும்பாமல் என் பக்கமே கிடந்தன. போர்வையை விலக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, அவையும் என்னைப் பார்க்காதபடி வைத்தேன்.